நான்காம் பக்கத்துச் சிரிப்பு

ஜனவரி 7, ஞாயிறு

உக்கடம் சந்தைக்கு ஆறரைக்கே போய்விட்டேன். ஏழு மணிக்கு மேல் போனால் பழைய ரெக்கார்டு தேடுகிறவர்கள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது சினிமாப் பாட்டுதான். ஆனாலும் என் கையில் ஒன்று இருப்பதைப் பார்த்தால், அது என்னவென்று தெரியாமலே அவர்களுக்கும் அது வேண்டியதாகிவிடும். அதனால் நல்ல ரெக்கார்டு கிடைத்தால் முகத்தைச் சுளித்துக்கொள்வது என் வழக்கம். முப்பது வருஷப் பழக்கத்தில் நன்றாகவே சுளிக்க வரும்.

இன்று சுளிக்க மறந்துவிட்டேன். பழைய சாமான் விற்கிற காஜா பாய், உடைந்த மிக்ஸி ஜாடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு ரெக்கார்டு உறையை உருவி நீட்டினார்.

"அக்கா, உள்ள தட்டு ஒண்ணுமில்ல. வெறும் அட்டைதான். படத்துல குழலு ஊதறாரே, உங்க மியூசிக்கா இருக்கும்னு எடுத்து வச்சேன்."

என் மியூசிக்தான். ஹார்லன் ப்ரூக்ஸ் ஐவர் குழு, எங்கோ ஒரு சின்ன ஊரில், மாதாகோயில் ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசித்த ஜாஸ் கச்சேரி. அந்த ரெக்கார்டு 1998 முதல் என்னிடம் இருக்கிறது. டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் உறைகூட இல்லாமல், தினசரித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். என்னிடமுள்ள முந்நூற்றுச் சொச்சத்தில் இது ஒன்றைத்தான் யாரையும் தொட விட்டதில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து அதற்கு ஒரு சட்டை கிடைத்தது என்று குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

துடைத்துத் திறந்து பார்த்தால், உறைக்குள் இரண்டு பை. பின்னால் பாட்டுகளின் பட்டியல் நாலு பக்கங்களுக்கு. அப்படியென்றால் ரெக்கார்டும் இரண்டு.

என்னிடம் இருப்பது ஒன்று.

இங்கே என் மானம் போகிற விஷயம் ஒன்றை எழுத வேண்டும். என் ரெக்கார்டில் ஒரு பக்கத்து லேபிளில் 1 என்றும் மறுபக்கத்தில் 4 என்றும் அச்சாகியிருக்கும். நானோ பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருப்பவள். ஒரே தட்டுக்கு ஒன்று, நாலு என்று போட்டிருப்பதைப் பார்த்ததும், அச்சடித்தவனும் தூங்கிவிட்டான், சோதித்தவனும் தூங்கிவிட்டான் என்று தீர்ப்புச் சொல்லி, 4-இன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, சிவப்பு மையில் 2 என்று திருத்திவிட்டேன். அன்றிலிருந்து அந்த முகம் தெரியாத சோதனைக்காரரைத் திட்டாமல் ஒருநாளும் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டதில்லை. இப்போது பார்த்தால் ஒன்றும் நாலும் ஒரு தட்டு, இரண்டும் மூன்றும் இன்னொரு தட்டு. ஏன் அப்படி என்று புரியவில்லை. கச்சேரியின் நடுப்பாதியை நான் கேட்டதே இல்லை என்பது மட்டும் புரிகிறது.

அப்படியானால் அந்தச் சிரிப்பு?

என் நாலாம் பக்கம் (நேற்று வரை இரண்டாம் பக்கம்) ப்ரூக்ஸின் சாக்ஸபோனில் மூன்று கோணல் சுரங்களோடு தொடங்கும். கீழே ஆரம்பித்து, நடுவில் உடைந்து, மேலே கீச்சென்று போய் நிற்கும். உடனே ஹால் முழுக்கச் சிரிக்கும். அவர் அசராமல் அதே மூன்று சுரங்களைத் திரும்ப வாசிப்பார், பியானோ வந்து சேரும், டிரம்ஸ் சேரும், பதினோரு நிமிஷத்துக்கு அதிலிருந்தே ஒரு பாட்டு வளரும். லேபிளில் அதன் பெயர் 'மூன்றாம் வரிசைக்கு'. நான் நினைத்திருந்தது இதுதான்: மனிதர் தப்பாக ஊதிவிட்டார், மூன்றாம் வரிசையில் அவருடைய காதலி முதலில் சிரித்துவிட்டாள், ஊரே சிரித்தது, அவர் அந்தத் தப்பையே பாட்டாக்கிக் காட்டினார். எனக்கு எப்போது தப்பு நடந்தாலும் இந்தப் பக்கத்தைத்தான் போடுவேன். கல்யாணப் பேச்சு முறிந்த வருஷம் தேயத் தேயக் கேட்டேன்.

மூன்றாம் பக்கத்தின் முடிவில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. அதைக் கேட்டே ஆக வேண்டும்.

உறையின் உள்மடிப்பில் பச்சை மையில் ஒரு பெயர்: எம். டிக்ரூஸ், லோகோ ஷெட், போத்தனூர். டான்ஸுக்கு இரவல் போகிற ரெக்கார்டுகளில் அந்தக் காலத்தில் எல்லாரும் பெயர் எழுதி வைப்பார்கள்.

ஜனவரி 8, திங்கள்

சிவப்பு மை 2-ஐ வெந்நீர்ப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். முகம் தெரியாத சோதனைக்காரரே, மன்னியுங்கள்.

ஜனவரி 11, வியாழன்

வலது ஸ்பீக்கர் மறுபடி மக்கர். தீபாவளியிலிருந்தே இப்படித்தான், டிரம்ஸ்காரர் தட்டும் பித்தளை சிம்பலின் சிலுசிலுப்பே வருவதில்லை. காந்திபுரத்திலிருந்து ஜெயசீலன் வந்தார். பதினைந்து வருஷமாக என் ஆடியோ செட்டுக்கு அவர்தான் வைத்தியர். வலது ஸ்பீக்கரைக் கழற்றி இடதுபக்கம் மாட்டினார், இடதை வலதுபக்கம் மாட்டினார்.

"இப்ப எப்படிங்க்கா?"

"இப்பவும் வலது பக்கந்தான் மந்தமா இருக்குது."

"அப்ப ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குதுங்க்கா."

அப்படியானால் ஆம்ப்ளிஃபயர். தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஜனவரி 16, செவ்வாய், மாட்டுப்பொங்கல்

விடுமுறை. ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கலும் பையில் அந்த உறையுமாகப் போத்தனூர் போனேன். ஸ்டேஷன் ரோடு பேக்கரியில் டிக்ரூஸ் என்றதும், "டிரைவர் டிக்ரூஸுங்களா? பாட்டுச் சத்தம் கேக்கற வீட்டுல நில்லுங்க" என்றார்கள்.

மெர்வின் டிக்ரூஸுக்கு அறுபத்தெட்டு வயது. ரயில் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டை. வெள்ளை மீசை. அவர் மனைவி ஐவி போய்ப் பதினோரு வருஷம், மகள் வெளிநாட்டில், பெர்த்தில். இதெல்லாம் அவர் சொன்னது முதல் ஐந்து நிமிஷத்தில். உறையை நீட்டினேன். பச்சை மைக் கையெழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"1983, கிறிஸ்மஸ் டான்ஸ். ரயில்வே இன்ஸ்டிடியூட்ல ஒருத்தன் கேட்டான், அட்டையோட ஒரு தட்டக் குடுத்தேன். ரெண்டாவது தட்டு அப்ப மெஷின் மேல இருந்துச்சு, அதான் தப்பிச்சுது. இது எங்க கெடச்சுது மேடம்?"

"உக்கடத்துலங்க சார். தட்டு என்கிட்ட இருக்குது."

"என் தட்டு."

"நான் வாங்குனதுங்க."

"நான் வாங்காம நீங்க எப்படி வாங்கியிருப்பீங்க?"

மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் காகிதத்தில் சுற்றி, அலமாரியில் படுக்கை வைத்திருந்த ரெக்கார்டைக் கொண்டுவந்து காட்டினார். 2, 3. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் நிறைய கீறல் கோடுகள் இருந்தன. பழைய ரெக்கார்டு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். எத்தனை தடவை போட்டிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். இவர் ஆயிரம் தடவை போட்டிருக்கிறார்.

ஒன்றும் நாலும் ஏன் ஒரே தட்டில் என்பதும் புரிந்தது. அவரிடம் இருப்பது பழைய மரப்பெட்டி மெஷின், நடுவில் நீளமான கம்பி. அதில் இரண்டு தட்டை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டினால், முதல் தட்டு கீழே விழுந்து ஒன்றாம் பக்கம் பாடும், முடிந்ததும் இரண்டாவது தட்டு அதன்மேல் விழுந்து இரண்டாம் பக்கம் பாடும். பிறகு இரண்டையும் சேர்த்து அப்படியே புரட்டி மாட்டினால் மூன்று, நாலு. ஆள் எழுந்து எழுந்து போக வேண்டாம். அதற்காகவே அப்படி அச்சடித்திருக்கிறார்கள். தூங்கினது நான்தான்.

"விலைக்குத் தருவீங்களா சார்?"

"நோ."

"இரவலு?"

"இந்த வாசப்படிய ஒரு தட்டு தாண்டுச்சு, நாப்பது வருஷம் ஆச்சு. இது தாண்டாது. நீங்க உங்கதக் கொண்டாங்க. மெஷின்ல ரெண்டையும் மாட்டிக் கேப்போம்."

அந்த மெஷினிலா? தட்டின்மேல் தட்டு தொப்பென்று விழும், அதன்மேல் உழவு மாடு மாதிரி ஒரு ஊசி ஏறும். என் ரெக்கார்டை அதில் போடுவதற்குப் பதில் சாலையில் போட்டு லாரி ஏற்றலாம். அப்படியே சொல்லவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்திருக்கும்.

"மூணாம் பக்கம் முடிவுல என்னதான் நடக்குதுங்க? எதுக்குச் சிரிக்கறாங்க?"

மீசையைத் தடவிக்கொண்டார். "மியூசிக் பாதில நின்னுடும். அவ்ளோதான் சொல்வேன். நான் சொன்னா நீங்க கேட்ட மாதிரி ஆகுமா?"

உறையை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பெயர் எழுதியிருக்கிறதே. பொங்கல் டப்பாவையும் மறந்துவிட்டேன்.

ஜனவரி 20, சனி

டிக்ரூஸ் போன் செய்தார். ஹலோ இல்லை, நலமா இல்லை. நேராகப் பியானோ. இரண்டாம் பக்கத்தின் ஆரம்பம்! போனை இடது காதில் அழுத்திக்கொண்டு அடுப்படியில் நின்றுவிட்டேன். (கொஞ்ச நாளாக இடது காதில் வைத்துத்தான் பேசுகிறேன். வலது கை வேலைக்கு வேண்டுமே.) அந்தப் பியானோக்காரரை எனக்கு ஒன்றிலும் நாலிலும் தெரியும். ஆனால் இப்படித் தனியாக, அவசரமே இல்லாமல், மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிற மாதிரி வாசிப்பார் என்று தெரியாது. இரண்டு நிமிஷம்தான். டப்பென்று நின்றது.

"மீதி போத்தனூர்ல இருக்கு மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பொல்லாத மனிதர். ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

ஜனவரி 28, ஞாயிறு

பழிக்குப் பழி. காலையில் போன் போட்டு, என் ஒன்றாம் பக்கத்தின் டிரம்ஸை ஒன்றரை நிமிஷம் கேட்கவிட்டு, சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்தினேன்.

"ஓ, கம் ஆன்!" என்று கத்தினார்.

"மீதி கணபதியில, என் வீட்டுல இருக்குதுங்க சார். பஸ் நெறைய இருக்குது."

வரமாட்டாராம். நானும் போகமாட்டேன். ஜெயசீலன் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு கோளாறும் இல்லையாம்.

பிப்ரவரி 3, சனி

ரெக்கார்டு மெஷினுக்குப் புது ஊசி போட்டாயிற்று. வலது பக்கம் இன்னும் மந்தம்தான். சுவரில் ஓதம் ஏறி ஒலியை உறிஞ்சுகிறது போல. பீரோவை நகர்த்தினேன். திரைச்சீலையைக் கழற்றினேன். ஜெயசீலன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "டீ குடிச்சுட்டுப் போறேனுங்க்கா" என்றார்.

பிப்ரவரி 10, சனி

அவினாசி ரோட்டில் ஒரு கல்லூரி அரங்கில், மாலை ஐந்து மணிக்கு, பெங்களூரிலிருந்து நாலு பேர் வந்து ஜாஸ் வாசித்தார்கள். இந்த ஊரில் இது நடப்பது மாமாங்கத்துக்கு ஒருமுறை. எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. டிக்ரூஸுக்கும் சொல்லியிருந்தேன், போகிற போக்கில். கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என் டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே மஞ்சள் கேக், வெண்ணெய் மணத்தது.

ரெக்கார்டுக்காரர்களுக்கு நேரடிக் கச்சேரியில் ஒரு சங்கடம் உண்டு. பிடித்த இடத்தைத் திரும்பக் கேட்க ஊசியைத் தூக்கி வைக்க முடியாது. போனது போனதுதான். அந்தப் பெண் டிரம்மர், பிரஷ்ஷை வைத்துத் தோலைத் தடவியபடி ஆரம்பித்து, யாரும் கவனிக்காதபோது மொத்தக் குழுவையும் தன் தாளத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்கு உட்கார முடியவில்லை. பக்கத்தில் திரும்பி, "பாத்தீங்ளா சார், எப்படித் திருப்புனா பாருங்க!" என்றேன். மனிதர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். பதிலே இல்லை. அடுத்த பாட்டிலும் ஏதோ சொன்னேன், அதற்கும் இல்லை. சரி, பெரிய மனிதர், பேசப் பிடிக்கவில்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஹாலில் வலது பக்க ஸ்பீக்கர் வேறு சரியில்லை.

இடைவேளையில் அவர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், மூணு தடவ காபி வேணுமான்னு கேட்டேன். கோவமா?"

"நாந்தானுங்க ரெண்டு தடவை பேசுனேன். நீங்கதான் கண்டுக்கல."

என்னைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார்.

"எனக்கு லெஃப்ட் காது அவுட். இருபத்தெட்டு வருஷம் இன்ஜின்ல லெஃப்ட் ஜன்னல்ல தலைய நீட்டிக்கிட்டு ஓட்டுனேன் இல்ல? உங்களுக்கு ரைட்டு. நாம ரெண்டு பேரும் செத்த காதைச் செத்த காதுக்குக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன். அவர் என் இடதுபக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் பாதி முழுக்க இரண்டு பேரும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தோம், முன்வரிசைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நல்ல கச்சேரி. மிக நல்ல கச்சேரி.

ஆனாலும் அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஹாலின் ஸ்பீக்கர் சரியில்லை.

பிப்ரவரி 14, புதன்

தாராபுரத்திலிருந்து ஒரு பம்ப் திரும்பி வந்தது. பேரிங் கீச்சிடுகிறதாம், தோட்டத்துக்காரர் காதைப் பொத்திக்கொண்டு தண்ணீர் பாய்ச்சினாராம். சோதனைச் சீட்டில் என் கையெழுத்து. ஓடுகிற மோட்டாரின் பேரிங் மூடியில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். முப்பத்திரண்டு வருஷமாக வலது காதில்தான் வைக்கிறேன். எனக்குத் தப்பியது ஒன்றுமில்லை என்று பேர்.

மேனேஜர் பரமேஸ்வரன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போறது விடுங்க மேடம், வயசாகறது எல்லார்க்கும்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல நாலாம் பக்கம் போட்டேன். அந்த மூன்று கோணல் சுரம், அந்தச் சிரிப்பு. இன்று என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். இதுவரை பாதியில் நிறுத்தியதில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டேன்.

இப்போது இடது ஸ்பீக்கர் மந்தம்.

பிப்ரவரி 16, வெள்ளி

பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளினேன். திரைச்சீலை மாட்டினேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஜெயசீலனுக்கு டீ குடித்த அன்றே தெரிந்திருக்கிறது.

பயமாக இருக்கிறது. வேறு எதற்கும் இல்லை, சிம்பலுக்காக. வலது காது போன வழியில் இடதும் போய்விட்டால் முந்நூறு தட்டுகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? கச்சேரியின் பாதியைக் கேட்காமலே போய்விடுவேனா? ரெக்கார்டில் கீறல் விழுந்துவிடும் என்று பொத்திப் பொத்தி வைத்தேன். கேட்கிற காது தேய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கவில்லை.

டிக்ரூஸுக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கெழமை தட்டைக் கொண்டாரேனுங்க சார். உங்க மெஷின்லயே போடுங்க."

மெஷின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "புது ஊசி வாங்கிப் போட்டுடறேன் மேடம்" என்றார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ரெக்கார்டை இரண்டு தலையணை உறைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு போனேன். பக்கத்திலிருந்த அம்மா, "கொழந்தைங்களா?" என்று எட்டிப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் மூன்று மணி. டிக்ரூஸ் புதுச்சட்டை போட்டிருந்தார். ஹாலின் நடுவில் இரண்டு நாற்காலி பக்கத்தில் பக்கத்தில், எதிரே மெஷின். இடதுபக்க நாற்காலியில் அவர் உட்கார்ந்தார், வலதில் என்னை உட்காரச் சொன்னார். என் இடது காது அவர் பக்கம். அவர் வலது காது என் பக்கம். நல்ல காதுகள் இரண்டும் நடுவில்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்த இரண்டு தட்டுகளும் ஒரே கம்பியில். என் தட்டு முதலில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். தொப்பென்று விழவில்லை, மெத்தென்றுதான் விழுந்தது. ஒன்றாம் பக்கம். எனக்கு மூச்சு மூச்சாகத் தெரிந்த பக்கம். அதன் முடிவில் எப்போதும் நான் எழுந்து போய்த் திருப்புவேன். இன்று எழவில்லை. அவர் தட்டு என் தட்டின்மேல் விழுந்தது, பியானோ படியிறங்கத் தொடங்கியது, இந்த முறை யாரும் நடுவில் நிறுத்தவில்லை.

இரண்டையும் சேர்த்துப் புரட்டி மாட்டினார். மூன்றாம் பக்கம். மெதுவான பாட்டு. ப்ரூக்ஸ் ஒரு தாலாட்டுக்கும் ஒரு பிரிவுக்கும் நடுவில் எங்கோ இருந்தார். முடியப்போகிற நேரத்தில் டிக்ரூஸ் என் கையை லேசாகத் தட்டினார்.

குழந்தை அழுதது.

ரெக்கார்டில், ஹாலுக்குள், ஒரு கைக்குழந்தை. முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்டு. கீழே ஆரம்பித்து, நடுவில் உடைந்து, மேலே கீச்சென்று. பியானோ தடுமாறியது, டிரம்ஸ் நின்றது, கடைசியில் சாக்ஸபோனும் நின்றது. யாரோ உஷ் என்றார்கள். நாற்காலி நகர்கிற சத்தம், அவசரமாக எழுகிற காலடி. அந்தத் தாய் எழுந்து வெளியே போகப் பார்க்கிறாள். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. புதன்கிழமை பரமேஸ்வரன் முன்னால் நான் வைத்திருந்த முகம்.

அதோடு பக்கம் முடிந்தது. மெஷின் கை விலகியது. என் தட்டு விழுந்தது. ஊசி போய் உட்கார்ந்தது.

சாக்ஸபோன், மூன்று கோணல் சுரம்.

அதே அழுகை. அச்சு அசலாக, அந்தக் குழந்தையின் குரலிலேயே, ப்ரூக்ஸ் குழந்தைக்குப் பதில் சொல்கிறார். போகாதே, உட்கார், நீ சொன்னது கேட்டது என்கிறார். ஹால் சிரித்தது. நாற்பது வருஷமாகக் கேட்காத சிரிப்பை டிக்ரூஸ் கேட்டார், தொடையில் அடித்துச் சிரித்தார். "ஐவி இந்த எடத்துல எப்பவும் குதிப்பா!" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. அந்தத் தாய் மூன்றாம் வரிசையில் மறுபடி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத்தான் அந்தப் பதினோரு நிமிஷமும்.

இருபத்தாறு வருஷம் அந்த மனிதர் தப்பாக ஊதினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தப்பே பண்ணவில்லை. ஊரில் யாருக்கோ குரல் உடைந்தபோது அதை நன்றாகக் கேட்டார், அவ்வளவுதான். இதுதான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

"சார், எனக்கு ரைட்டுக் காது கேக்கறதில்லைங்க" என்றேன். முதல்முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியும் மேடம். அதான் நாற்காலி இப்படிப் போட்டிருக்கேன்" என்றார்.

மறுபடி முதலிலிருந்து போட்டோம். தட்டு விழும்போது நான் கண்ணை மூடவில்லை.

பிப்ரவரி 21, புதன்

காது டாக்டரிடம் போனேன். அறைக்குள் உட்கார வைத்து, பீப் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். சோதிக்கிறவள் சோதிக்கப்பட்டேன். வலது காது நரம்பு தளர்ந்திருக்கிறதாம், போனது திரும்பாதாம். காதில் மெஷின் வைத்துக்கொண்டால் மீதி இருப்பது நன்றாகக் கேட்குமாம். இடது காது கெட்டியாக இருக்கிறது, சிறுபெண் காது மாதிரி என்றார் டாக்டர். மெஷினில் சிம்பல் கேட்குமா என்று கேட்டேன். "சிம்பலா?" என்றார். அவருக்கு ஒரு ரெக்கார்டு கொண்டுபோய்ப் போட்டுக் காட்ட வேண்டும்.

கம்பெனியில் பரமேஸ்வரனிடம் நானே சொல்லிவிட்டேன். இனி ஸ்குரூடிரைவர் இடது காதில். ஜெயசீலனுக்கும் போன் செய்தேன். "சாமி, இப்பவாவது சொன்னீங்களே" என்று ஸ்பீக்கருக்காகச் சந்தோஷப்பட்டார். வீட்டுக்கு வந்து வலது ஸ்பீக்கரைத் துணியால் துடைத்து, அதனிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் டிக்ரூஸ் பேசினார். என் தட்டு அவரிடம்தான் இருக்கிறது. அன்று கிளம்பும்போது எடுக்க மனம் வரவில்லை, உறைக்குள் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டன.

"இந்த ஞாயித்துக்கெழம பஸ் எத்தன மணிக்கு மேடம்?"

"யாருக்குங்க?"

"எனக்கும், அட்டையோட ரெண்டு தட்டுக்கும்."

வாசற்படி தாண்டி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. நாற்காலி இரண்டையும் இப்போதே போட்டுவிட்டேன், அவருடையது எனக்கு இடதுபக்கம்.